இடது பக்கத்துப் படம்

எங்கள் வீட்டில் உடம்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் வேலையைப் பற்றிய பேச்சாகத்தான் முடியும். ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் இருக்கும் தோபிகானாவில் துணி வெளுத்த குடும்பம் எங்களுடையது. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய வண்ணார்களின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1976ல் விசால கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த கூடத்தில் ஆளுக்கொரு துவைக்கும் தொட்டி. அதற்கு அந்தப் பக்கம் கயிறு கட்டிய மைதானம். கிளிப் போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிவிட்டால் காயல் காற்றுக்கும் அசையாது.

என் அத்தை கனத்த உடம்புக்காரி. ஓட்டலில் இருந்து வந்த நனைந்த பெட்ஷீட் மூட்டையைத் தொட்டியிலிருந்து தூக்கி ஒரே வீச்சில் கல்லுக்குப் போடுவாள். ஆண்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அவளைக் குண்டு என்று அந்தக் கூடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘கை பலமான பொம்பளை’ என்பார்கள். நாங்கள் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கினால் கறுப்பும் குட்டையும் குண்டும் எல்லாமே வாய்க்கு வரும். ஆனால் வேலைத்தலத்தில் உடம்பு என்ன செய்கிறது என்பதுதான் பேச்சு, எப்படித் தெரிகிறது என்பது அல்ல.

அந்தக் காலத்தில் சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டிதான். சிறுமியாக இருந்தபோது அக்கா அதை எடுத்துக் கொடுக்கப் போய், சிதறிய கங்கு அவள் வலது முன்கையில் விழுந்து தோலைப் பொசுக்கிவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு இன்றும் இருக்கிறது. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

1990களின் கடைசியில் அக்கா வல்லார்பாடத்தைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கப் பையனைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். அப்போது அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது. எறணாகுளத்திலிருந்து போல்காட்டிக்கும், அங்கிருந்து வல்லார்பாடத்துக்கும், அங்கிருந்து வைப்பீனுக்குமாக மூன்று கோஸ்ரீ பாலங்கள் 2004ல் திறந்த பிறகுதான் அவள் வீடு எங்களுக்குப் பக்கத்து வீடானது. ஃபோர்ட் கொச்சியில் படகு ஏறினால் எதிர்க்கரை வைப்பீன், அங்கிருந்து பஸ். 2011 பிப்ரவரியில் மன்மோகன் சிங் வந்து சரக்குப் பெட்டக முனையத்தைத் திறந்துவைத்தார். அத்தானுக்கு அதையொட்டி லாரி வேலை கிடைத்தது. அக்கா வைப்பீனில் எறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். விடியுமுன் போய்க் குட்டை ஸ்டூலில் குந்தி, ஐஸ் தண்ணீரில் விரல் விறைக்க, தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வேலை பல வருஷம் நீடித்தது. முட்டி தேய்ந்தது, எடை ஏறியது, பிறகு சர்க்கரை வந்தது. ஷெட்டை விட்டாள். டாக்டர், உடற்பயிற்சி செய்யாமல் மருந்து மட்டும் பலன் தராது என்றார். கனிவாகத்தான் சொன்னார். அக்காவும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

2022 ஓணத்துக்கு முன்பு, பாலத்துக்கு இந்தப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஜிம் ஓணம் சலுகை என்று நோட்டீஸ் போட்டது. பெண்களுக்குத் தனி நேரம், மூன்று மாதத்துக்குச் சேர்ந்தால் கட்டணத்தில் கழிவு. அக்கா சீட்டு எடுத்த பணத்தில் கட்டினாள். முதல் நாளே அவளைக் கோடு போட்ட சுவருக்கு முன்னால் நிறுத்தி முன்பக்கம், பக்கவாட்டு என்று படம் எடுத்தார்கள். முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்க என்றார்களாம். அவளே தைத்த பச்சை சுடிதாரில், கையை உடம்போடு ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றிருக்கிறாள். சேர்ந்த புதிதில் தினமும் போன் வரும். ‘இன்னிக்கு சைக்கிள் மிதிச்சேன்டி, முட்டி வலிக்கவே இல்ல’ என்பாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை.

செப்டம்பர் 24 வல்லார்பாடத்தம்மா என்று அழைக்கிற மாதாவின் திருநாள். 1524ல் போர்ச்சுகீசியர் எழுப்பிய பழைய தேவாலயம் வெள்ளத்தில் போக, 1676ல் மறுபடி கட்டினார்கள். 1752ல் காயலில் படகு கவிழ்ந்து மூழ்கிய மீனாட்சியம்மா என்ற நாயர் பெண்ணும் அவள் குழந்தையும் மாதாவின் அருளால் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்பது ஐதீகம். அவள் பிறகு தேவாலயத்துக்கே அடிமையாகி முற்றம் பெருக்கிக் காலம் கழித்தாளாம். அதனால்தான் இன்றும் அங்கே முக்கியமான நேர்ச்சை விளக்குமாற்றால் முற்றம் பெருக்குவது. கிறிஸ்தவர், இந்து என்று பார்ப்பதில்லை. தொழிலதிபர் வீட்டம்மாவும் மீன் விற்கும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து பெருக்குவதைப் பார்த்திருக்கிறேன். அக்கா கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த நேர்ச்சையைத் தவறவிட்டதில்லை.

திருநாளுக்கு வருகிற கூட்டத்தைக் குறிவைத்து எல்லா வியாபாரிகளும் வழிநெடுகப் பலகை வைப்பார்கள். நகைக்கடை, துணிக்கடை, நர்சிங் கல்லூரி, பிரியாணிக் கடை. அந்த வரிசையில் அந்த ஜிம்மின் பிளெக்ஸும் இருந்தது. பஸ் பாலத்தில் ஏறுவதற்கு முன் மெதுவாகும் இடத்தில், ஜன்னலுக்கு நேராக. இடது பக்கம் ஒரு பருத்த பெண் உடல். வலது பக்கம் ஒடிசலான ஒரு பெண் உடல். இரண்டுக்கும் நடுவில் சிவப்பு அம்பு. மேலே, ‘இங்ஙனெ மதியோ?’ என்று மலையாளத்தில் பெரிய எழுத்து. இப்படியே இருந்தால் போதுமா என்ற கேள்வி. இடது பக்கத்துப் பெண்ணுக்குக் கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. வெட்டியிருந்தார்கள். பச்சை சுடிதார். வலது முன்கையில் இரண்டு விரல் அகலத்துத் தழும்பு.

வலது பக்கத்தில் நின்றது அக்கா அல்ல. அவள் சேர்ந்தே சில வாரம்தான் ஆகியிருந்தது. யாரோ ஒரு பெண், எங்கிருந்தோ எடுத்த படம். அவளுக்கும் தலை இல்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஷெட்டில் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி சுடிதாரின் கரைத் தையலை வைத்தே கண்டுபிடித்து, சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். அக்கா அழவில்லை. கோபப்படவும் இல்லை. ‘அது நான்தான்னு எல்லாருக்கும் தெரியாதுல்ல?’ என்று மட்டும் கேட்டாள். அந்த வருஷம் அவள் முற்றம் பெருக்கப் போகவில்லை. குனிந்தால் பின்னால் நிற்கிறவர்கள் அந்தப் படத்தைத்தான் நினைப்பார்கள் என்றாள். தன் அம்மாவிடம் போகக் கூச்சப்படுகிற பிள்ளை போல் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். ஜிம்மை நிறுத்தினாள். கண்டெய்னர் ரோட்டில் சாயங்காலம் நடப்பதையும் நிறுத்தினாள். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை கூடியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார். ஏன் நடக்கவில்லை என்று அவர் கேட்டதற்கு முட்டி வலி என்று பொய் சொல்லிவிட்டு வந்தாள்.

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. உடற்பயிற்சி தேவைப்பட்ட ஒருத்தி, பணம் கட்டிச் சேர்ந்து, விருப்பத்தோடு போய்க்கொண்டிருந்தவள், உடற்பயிற்சிக்கான விளம்பரத்தாலேயே அதை விட்டாள்.

அவள் ஒருத்தியின் கதை இல்லை இது. அமெரிக்காவில் ஏஞ்சலினா சூட்டினும் அன்டோனியோ டெரச்சியானோவும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எடைக்காகப் பாகுபாடு காட்டப்பட்டதாகச் சொன்னவர்கள், பருமன் இல்லாத நிலையிலிருந்து பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 2020ல் நேச்சர் மெடிசின் இதழில் பல நாட்டு மருத்துவ நிபுணர்கள் கூட்டறிக்கை ஒன்றை வெளியிட்டு, பருமனானவர்களை இழிவுபடுத்துவது உடலுக்கும் மனதுக்கும் கேடு, அவர்களைச் சிகிச்சையிலிருந்தே விரட்டுகிறது என்று எழுதினார்கள். எடை என்பது உணவும் சோம்பலும் மட்டும் அல்ல என்பதையும் அதில் அழுத்திச் சொன்னார்கள். பரம்பரை, ஹார்மோன், தூக்கம், மருந்து, வறுமை, செய்கிற வேலை எல்லாம் அதில் சேரும். குட்டை ஸ்டூலில் வருஷக்கணக்காகக் குந்தியிருந்ததும் சேரும். பிளெக்ஸில் அம்புக்குறிக்கு இடது பக்கம் நிற்கிற உடம்புக்கு இந்தக் கதை ஒன்றும் கிடையாது. தலையை வெட்டியதோடு அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

ஆளை அவமானப்படுத்தி விற்கும் இந்த வியாபாரம் ஒல்லிப் பையன்களிடமும் பெரிய அளவில் நடந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். 1930களிலும் அதற்குப் பிறகும் அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகங்களில் சார்லஸ் அட்லஸ் என்பவரின் உடற்பயிற்சி விளம்பரம் தொடர்ந்து வந்தது. கடற்கரையில் ஒரு முரடன் ஒல்லிப்பிச்சான் மீது மணலைக் காலால் எற்றுவான். கூட இருக்கும் பெண்ணின் முன்னால் அவன் அவமானப்படுவான். 97 பவுண்டு நோஞ்சான் என்று பெயர். அதாவது 44 கிலோ. அஞ்சல்வழிப் பாடத்துக்குப் பணம் கட்டிய பிறகு திரும்பி வந்து முரடனை அடிப்பான். முதலில் ஆளைக் கூனவைத்து, பிறகு நிமிர்த்துவதற்கு விலை சொல்வது. முறை அன்றைக்கே இருந்தது. பிளெக்ஸ் அடிப்பவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

அக்காவின் மகனும் ஒல்லி. பள்ளியில் அவனை ஈர்க்கில், அதாவது ஈர்க்குச்சி, என்பார்கள். அவனும் ஜிம்முக்குப் போகிறவன்தான். ஆனால் அவனை அங்கே கொண்டுபோனது எந்த நோட்டீஸும் இல்லை. வடுதலையைச் சேர்ந்த சித்தரேஷ் நடேசன் 2019ல் தென்கொரியாவின் ஜேஜு தீவில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினார். வடுதலை அவனுக்குப் பக்கத்து ஊர். இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடத்துக்குச் சரக்கு ரயில் போகிற, நான்கரைக் கிலோமீட்டருக்கும் நீளமான வேம்பநாடு பாலம் அந்த வழிதான் வருகிறது. ஏழைக் குடும்பத்திலிருந்து போய் ஜெயித்த ஒருவரின் படத்தைப் பையன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தான். அந்தப் படத்தில் முழு முகமும் இருந்தது, பெயரும் இருந்தது. ஜிம் என்றாலே கெட்டது என்று எனக்குத் தோன்றாமல் இருக்க அவன்தான் காரணம். கொச்சியில் பழைய ஓட்டுக்கட்டிடங்களில் துருப்பிடித்த இரும்புத் தட்டுகளை வைத்துக்கொண்டு, மாதம் சொற்ப ரூபாய் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு மூச்சு விடுவதிலிருந்து சொல்லிக்கொடுக்கும் ஆசான்கள் இருக்கிறார்கள். அவர்கள் பலகையில் பெயரும் நேரமும் மட்டும்தான் எழுதியிருக்கும். கேரளத்தில் பல பஞ்சாயத்துகள் பெண்களுக்கென்று நடத்தும் உடற்பயிற்சிக்கூடங்களின் பலகையும் அப்படித்தான். யாரையும் இழிவாகப் பேசாமலும் ஜிம் நடத்தலாம்.

பையன்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேட ஆரம்பித்தான். நானும் உட்கார்ந்தேன். நம்மிடம் 1954ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மருந்துகள், மாய நிவாரணங்கள் குறித்த ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம். குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல்பருமனும் இருக்கிறது. ஆக, கொழுப்பைக் கரைக்கும் மருந்து என்று ஒருவன் பலகை வைத்தால் சட்டம் அவனைக் கேட்கும். மருந்தைப் பற்றிப் பேசாமல் ஆளை மட்டும் அவமானப்படுத்தினால் அந்தச் சட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. 

லண்டனிலும் இதே கோணல்தான். 2015ல் புரோட்டீன் வேர்ல்டு என்ற நிறுவனம் சுரங்க ரயில் நிலையங்களில் நீச்சலுடைப் பெண் ஒருத்தியின் படத்தைப் போட்டு, கடற்கரைக்கு ஏற்ற உடம்பு உங்களுக்குத் தயாரா என்று கேட்டது. எடைகுறைப்புப் பொடிக்கான விளம்பரம். 378 புகார்கள் வந்தன. எழுபதாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். விளம்பரத் தர ஆணையம், எடை குறையும் என்று சொன்ன விதத்தில் ஆட்சேபம் இருப்பதாகச் சொல்லி அதே வடிவில் மறுபடி வரக்கூடாது என்றது. ஆனால் படமும் கேள்வியும் யாரையும் புண்படுத்தும் அளவுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. வாக்குறுதியை எடை போடத் தராசு இருந்தது, அவமானத்தை எடை போட இல்லை. மறு ஆண்டு மேயரான சாதிக் கான், இரண்டு பெண் பிள்ளைகளின் தகப்பன், லண்டன் போக்குவரத்து இடங்களில் உடலை இழிவுபடுத்தும் விளம்பரங்களே கூடாது என்று நிறுத்தினார். அதே 2016ல் கெய்ரோவில் கோல்ட்ஸ் ஜிம்மின் கிளை ஒன்று பேரிக்காய்ப் படத்தைப் போட்டு இது பெண்ணுக்கு ஆகிற வடிவம் அல்ல என்று எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் தலைமை நிறுவனம் அந்தக் கிளையின் உரிமத்தையே ரத்து செய்தது. கேட்டால் நடக்கும் என்பதற்கு இவை எனக்குப் போதுமான சான்றாக இருந்தன.

சினிமா இதை முன்பே பார்த்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 2015ல் வந்த ‘இஞ்சி இடுப்பழகி’யில் அனுஷ்கா எடை கூட்டிக்கொண்டு நடித்தார். குறுக்குவழியில் இளைக்கவைக்கும் நிலையம் ஒன்றின் விளம்பரப் பொய்யை எதிர்த்துத்தான் அந்தப் பெண் நிற்பாள். 2019ல் அஷ்ரஃப் ஹம்ஸாவின் ‘தமாஷ’ மலையாளத்தில் வந்தது. அதில் சின்னு சாந்தினி நடித்த பெண் தன் உடம்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் தன் சாப்பாட்டையும் சிரிப்பையும் விட்டுக்கொடுக்காதவள். அக்கா அந்தப் படத்தை டிவியில் பார்த்து, ‘இவ நல்லா இருக்கா’ என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. 

பலகையை இறக்கியது சட்டம் அல்ல. அக்காவின் குடும்பஸ்ரீ மகளிர் குழுவில் விஷயம் தெரிந்ததும் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். நானும் போனேன். ஜிம்மை நடத்துகிறவர் சின்ன வயதுக்காரர். மரியாதையாகவே பேசினார். ‘முகம் காணுன்னில்லல்லோ சேச்சி’ என்றார். முகம் தெரியவில்லையே, பிறகென்ன என்று. சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தில் படத்தைப் பயன்படுத்தலாம் என்று அச்சடித்திருப்பதையும் காட்டினார். ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அக்கா அதுவரை எங்களுக்குப் பின்னால் நின்றவள், முன்னால் வந்து சுடிதார்க் கையை மேலே சுருட்டி, தழும்பை மேசைமேல் வைத்துக் காட்டினாள். ‘ஈ கை என்டெயல்லே மோனே?’ என்றாள். இந்தக் கை என்னுடையது இல்லையா மகனே. அவர் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பிளெக்ஸ் இறங்கியது. கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை.

அந்த ஆண்டின் கடைசியில் கேரளக் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, தன் வயிற்றைக் கேலி செய்து ஒருவர் எழுதியதைக் குறித்து வருந்தி, உருவக்கேலி கூடாது என்பதைப் பள்ளிப் பாடத்தில் சேர்க்க யோசிக்கலாம் என்றார். பெண்கள் பலர் தலைமுறை தலைமுறையாகச் சகித்ததை ஓர் அமைச்சர் தன் மேல் பட்டபோது வெளியே சொன்னதை நான் குறையாக நினைக்கவில்லை. சொன்னாரே என்றுதான் இருந்தது. 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணின் உடலமைப்பைப் பற்றிப் பேசுவதும் முகாந்திர அளவில் பாலியல் சீண்டலாகக் கருதத்தக்கதே என்று சொல்லி, சக ஊழியரின் மீதான வழக்கை ரத்து செய்ய மறுத்தது. நீதிபதி பதருதீனின் தீர்ப்பு. கோஸ்ரீ பாலம் எறணாகுளத்தில் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது அந்த நீதிமன்றம். வழக்கு அலுவலகப் பேச்சைப் பற்றியது. தெருவில் பத்தடி உயரத்தில் அதையே பேசும் பலகையைப் பற்றி அல்ல.

பலகை இறங்கிய பிறகும் பையன் விடவில்லை. நோட்டீஸாகவும் போனிலும் அதே படம் சுற்றிக்கொண்டிருந்தது. 1985லிருந்து இந்திய விளம்பரத் தரக் குழு இயங்குகிறது. 2022 ஜூனில்தான் அது பாலினக் கற்பிதங்களைப் பற்றிய புதிய நெறிகளை வெளியிட்டிருந்தது. இலட்சிய உருவத்துக்குப் பொருந்தாத உடம்புதான் ஒருவரின் தோல்விக்குக் காரணம் என்பது போல் விளம்பரம் காட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. குழுவுக்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை, நிறுத்தச் சொல்லலாம். அதுவே போதும் என்று புகார் எழுத உட்கார்ந்தோம். பையன் போனில் தட்டினான். நான் சொல்லச் சொல்ல, அவன் சரியான மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றினான். படத்தைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டது, தலையை வெட்டியது, வேறொருத்தியின் படத்தைப் பக்கத்தில் வைத்து இளைத்ததாகக் காட்டியது, கேள்வியின் தொனி, திருநாள் வழியில் வைத்தது எல்லாம் வரிசையாக வந்தன.

அக்கா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். வாசித்தான்.

‘வலது பக்கம் ஒரு பொண்ணு நின்னாளே, அவள்ட்ட கேட்டாங்களான்னும் எழுதுடா’ என்றாள்.

பையன் அந்த வரியைச் சேர்த்துவிட்டு அனுப்பினான்.